ஓடத்துறையின் பழைய படங்கள்

கீரனூருக்கு ஆறு இல்லை. குளத்தூர் வட்டத்து உழவர் கண்மாயையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியே ஏர் பூட்டுகின்றனர். காவிரியைக் காண வேண்டுமாயின் வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் சென்று திருச்சிராப்பள்ளியை அடைதல் வேண்டும். அங்ஙனமிருக்க, சென்ற திங்கள் இவ்வூரில் நடைபெற்ற உறுப்பினர் கல்விக் கூட்டத்திற்கு ஆற்றுத்துறைகளின் பழைய நிழற்படங்களை நான் எடுத்துச் சென்றது பலருக்கு வியப்பாக இருந்தது. "கடன் விஷயம் பேசுவீங்கன்னு வந்தோம், ஐயா" என்று முன்வரிசையில் ஒருவர் சொல்லவும் செய்தார். கடனைப் பற்றியும் பேசினேன். ஆயினும் படங்களே கூட்டத்தை மாலை வரை நிறுத்தி வைத்தன.

முதலில் காட்டியது 1858-ஆம் ஆண்டின் படம். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அந்நாளில் பணிபுரிந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி, மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சேலம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என நம் பகுதிகளைச் சுற்றி வந்தார். புதுக்கோட்டைக் காட்சிகளுக்கென்றே ஒரு தனித் தொகுதி அவ்வாண்டில் வெளிவந்தது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. மதுரையில் அவர் எடுத்த படங்களுள் ஒன்று வையை ஆற்றையும் அதைக் கடந்து நகருக்குச் செல்லும் தாம்போதியையும் காட்டுவது. ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டப்பட்டது 1889-இல். எனவே பாலத்திற்கு முந்திய வையையை நாம் கண்ணால் காண்பதற்கு இத்தகைய படங்களே துணை.

அழகிய படம்தான். ஆனால் உற்று நோக்குங்கால் ஒரு குறை புலப்படும். அக்காலத்தில் இன்றுள்ள பிலிம் கிடையாது. மெழுகூட்டிய தாளில் மருந்து தடவி, ஏறத்தாழ 12 அங்குலத்திற்கு 15 அங்குலம் அளவுள்ள பெரிய பெட்டிக் கருவியில் வைத்து, நெடுநேரம் வெளிச்சம் படும்படி திறந்து வைக்க வேண்டும். அசையாமல் நிற்கும் கோபுரம் பதியும், கல் பதியும், கரையில் நிற்கும் மரமும் காற்று இல்லையேல் பதியும். நடப்பவர், துடுப்புப் போடுபவர், சுமை தூக்கிச் செல்பவர் ஆகியோர் புகையாய்க் கலைந்து போவர், அல்லது சுவடே இன்றி மறைவர். ஓடும் நீர் பளிங்குத் தரைபோல் ஆகிவிடும். வானத்து மேகங்களும் அத்தாளில் சரிவரப் பதியாமையால், டிரைப் தம் படங்கள் பலவற்றில் வண்ணம் தீட்டி மேகங்களை அவரே உண்டாக்கினார். இல்லாத மேகத்திற்கு இடம் கிடைத்தது. ஆற்றைக் கடந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை!

டிரைப்பின் பணியும் நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இஃது அரசாங்கம் தாங்கத்தகாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். கணக்குப் பார்ப்பவர் செய்த முடிவு அது. நானும் கணக்குப் பார்ப்பவனே. அதன் பயனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நிற்க. திருச்சிராப்பள்ளியில் காவிரிக் கரையையொட்டி ஓடத்துறை என்றே பெயர் வழங்கும் பகுதி ஒன்று உண்டு. பேருந்தில் செல்வோர் அப்பெயரைக் கேட்டுக்கொண்டே செல்கின்றனர். ஓடம் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. பாலம் வந்ததும் ஓடம் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. பாலமும் நிலையானதன்று. கொள்ளிடத்தில் 1928-இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண்கள் சரிந்து முறிந்ததை நாம் கண்டோம். அதன் படங்கள் அன்றே ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் ஏறின. அதற்கு முன் அத்துறைகளில் ஓடம் தள்ளிய குடும்பங்களின் படங்களோ எண்ணிச் சொல்லத்தக்கவை.

ஓடத்துறை என்றால் யாத்திரிகர் நினைவே நமக்கு முன் வருகிறது. உண்மையில் அது சரக்குத் துறை. மாயனூர் முதல் முக்கொம்பு வரை அகண்ட காவிரி என்று சொல்லப்படும் பகுதியை எடுத்துக்கொள்வோம். இருப்புப்பாதை செல்வது தென்கரையில், குளித்தலை வழியாக. வடகரையில் முசிறிக்கு இரயில் இல்லை. இரு கரைக்கும் பாலம் இல்லாத நாளில், இரயிலில் வந்து இறங்கிய நூல் கட்டு வடகரைத் தறியை அடைய வேண்டுமானால் ஆற்றைத்தான் கடக்க வேண்டும். வடகரை வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் அவ்வழியே எதிர்த்திசையில் வந்தன. கோடையில் மணலில் நடந்து இடைவாய்க்காலை மட்டும் பரிசலில் கடப்பர். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலும் பின்னாளில் தார் பூசிய சாக்கும் போர்த்திய பரிசல், ஆள் ஏறினால் ஆடும். சுமை ஏறினால் நிலைக்கும். புதுவெள்ளம் வந்துவிட்டாலோ துறை அடைபடும். நூல் வராது, தறி நிற்கும். வாழைத்தார் கரையிலேயே பழுத்துக் குறையும். பொதுத்துறைகளை அரசாங்கம் குத்தகைக்கு விடுவது வழக்கம்; 1890-இல் சென்னை மாகாணத்தில் இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. குத்தகைப் பணம் கட்டியவர் அதை ஆளுக்கும் மூட்டைக்கும் வாங்கும் கூலியிலிருந்தே எடுத்தாக வேண்டும். ஆகவே நெசவாளி வாங்கிய ஒவ்வொரு சிட்டா நூலின் விலையிலும் அந்த ஆறு இருந்தது. இவ்வளவையும் ஒரே பார்வையில் சொல்லக்கூடிய படம் ஒன்று என் கையில் இருந்தது. அதை நானே தொலைத்தேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், காவிரிக் கரையில் செயலற்றுப் போன நெசவாளர் சங்கம் ஒன்றின் கலைப்புப் பணிக்கு என்னை அனுப்பினர். சொத்துப் பட்டியல் தயாரித்தேன். இரும்புப் பெட்டி ஒன்று, தராசு ஒன்று, இராட்டை ஆறு, நாற்காலி நான்கு, அவற்றுள் ஒன்று கால் முறிந்தது, கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் மூன்று. இரண்டு படங்கள் தலைவர்களுடையவை. மூன்றாவது, துறையில் நிற்கும் ஓர் ஓடம். ஓடம் நிறைய நூல் கட்டுகள். கரையில் இருபதின்மர் வரை அசையாது நிற்கின்றனர். முனையில் ஒருவர் கழையைத் தரையில் ஊன்றிப் படக்காரரை நேராகப் பார்க்கிறார். பின்புறம் ஓர் எழுத்தும் இல்லை. மதிப்பு என்னும் கலத்தில் மூன்றுக்கும் சேர்த்து "இல்லை" என்று எழுதினேன். பழைய சாமான் வாங்குபவர், கண்ணாடிக்கும் சட்டத்திற்குமாக அவற்றையும் எடுத்துச் சென்றார்.

நான்கு திங்கள் கழித்து, எண்பது வயதை அணுகிய முதியவர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். அச்சங்கத்தின் உறுப்பினர்.

"அந்த ஓடத்துப் படம் எங்க இருக்குங்க, சார்? கழை ஊனி நிக்கிறவர் எங்கப்பா. வீட்டுல வேற படம் கிடையாது."

ஓடக்காரர் மகன் நெசவுக்கு வந்தவர் அவர். வெள்ள நாட்களில் தறிகள் நிற்பதைப் பார்த்தே, தறிக்காரருக்கும் ஓடக்காரருக்கும் பிழைப்பு ஒன்று என்று அறிந்ததாகச் சொன்னார். என்மீது சினம் கொள்ளவில்லை. எந்தக் கடை என்று மட்டும் கேட்டார். இருவரும் சென்றோம். கண்ணாடி வேறு சட்டத்திற்கு வெட்டப்பட்டிருந்தது. தாளைக் கேட்டதற்குக் கடைக்காரர் தம் வேலையாளைப் பார்த்தார். வேலையாள் தரையைப் பார்த்தார். திரும்பும் வழியில் பெரியவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதை மறுத்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

கீரனூர்க் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சங்கச் செயலாளர் எழுந்து அலமாரியைத் திறந்தார். தணிக்கை அறிக்கைகளுக்கு அடியில், கிடங்குத் திறப்பு விழாப் படம் ஒன்று கிடந்தது. ஓரம் கரையான் தின்றிருந்தது. பதினேழு முகங்கள், பின்புறம் வெறுமை.

அன்பர்கள் தம் சங்கத்திலும் வீட்டிலும் இத்தகைய படங்களைத் தேடுமாறு வேண்டுகிறேன். கிடைத்தால் பசை தடவி அட்டையில் ஒட்டாதீர். ஈரத் துணியால் துடைக்காதீர். சுவரையொட்டி மாட்டுதல் கரையானுக்கு விருந்து. கைப்பேசியில் நேராக வைத்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை உலர்ந்த தாள் உறையில் இடுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதினால் மை ஊறி முகத்தில் தெரியும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதலாம், அல்லது தனித்தாளில் எண்ணிட்டு எழுதி உடன் வைக்கலாம். முக்கியமானது பெயர். முகத்தை அடையாளம் காட்டக்கூடிய முதியோர் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும். சொத்துப் பட்டியலில் அப்படங்களுக்குத் தனி வரி எழுதும்படி என் ஆய்வுக்கு வரும் சங்கங்களை நான் இப்போது கேட்டுக்கொள்கிறேன். மதிப்புக் கலத்தில் என்ன எழுதுவது என்று கேட்பவர்க்கு, "விற்பனைக்கு அன்று" என எழுதச் சொல்கிறேன். தணிக்கையாளர் ஒருவர் இதை ஏற்காமல் சுழித்துத் திருப்பினார். மீண்டும் எழுதி அனுப்பினோம்.

இன்னொன்றும் அன்று பேசப்பட்டது. கட்டளைக் கதவணையிலிருந்து காவிரி நீரைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடே தெற்கு வெள்ளாற்றுக்குக் கொண்டு செல்லும் காவிரி–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆறில்லாத நமக்கும் கரைகளும் கடவுகளும் உண்டாகக்கூடும். வெட்டுவதற்கு முன் வண்டிப்பாதைகளும் வரப்புகளும் எவ்வாறு இருந்தன என்பதை யார் படம் எடுத்து வைக்கப் போகிறார் என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அவரையே எடுக்கும்படி நிருவாகக் குழுவினர் அங்கேயே சொல்லிவிட்டனர்.

கிடங்குப் படத்தைச் சுற்றி நின்ற முதியோர் அன்று மாலைக்குள் ஒன்பது பெயர்களைச் சொன்னார்கள். தலைப்பாகைக்காரர் யாவர் என்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் வழக்கு. இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி இட்டோம். "இது எங்க சின்ன மாமனாரு, பக்கத்துல இருக்கிறவரை எங்க நாத்தனாருக்குத் தெரியும், அது இப்ப மணப்பாறையில இருக்கு" என்றார் ஓர் அம்மையார். எட்டு முகங்கள் எஞ்சியுள்ளன. நகல் ஒன்றை உறையில் இட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறோம். அடுத்த திங்கள் மணப்பாறைக்குப் போகும்போது எடுத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.