விளக்கு எரியத் துணி காய வேண்டுமா?

எக்ஸ்10 முறையில் வீட்டு விளக்குகளை இணைத்த அமெரிக்கர்கள் பலரைக் குழப்பிய விநோதம் இது. கூடத்தில் பொத்தானை அழுத்தினால் படுக்கையறை விளக்கு அசையாது. துணி உலர்த்தும் இயந்திரம் ஓடும்போது அழுத்தினாலோ, உடனே எரியும்!

எக்ஸ்10, 1975இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவானது. தனிக் கம்பி இழுக்க வேண்டாம். வீட்டு மின்கம்பியே தூது போகும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் நொடிக்கு 120 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. கம்பியில் இரைச்சல் குறைந்திருக்கும் அந்தக் கணம் பார்த்து, 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடி நீளத் துடிப்பு கிளம்பும். துடிப்பு உண்டா இல்லையா என்பதுதான் எழுத்து. எழுத்துக்கூட்டி ஒரு கட்டளையைச் சொல்லி முடிக்க முக்கால் நொடிக்குச் சற்று மேலாகும்.

அமெரிக்க வீடுகளுக்குள் 120 வோல்ட் கிளைகள் இரண்டு வருகின்றன. ஒரு கிளையில் கிளம்பிய துடிப்பு, மறு கிளையிலுள்ள விளக்கை அடைய வெளியே டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியிலேயே தேய்ந்துவிடும். துணி உலர்த்தியின் ஹீட்டர் 240 வோல்ட்டில் ஓடுவது; இரு கிளைகளுக்கும் குறுக்கே நிற்கிறது. அது ஓடும் வரை துடிப்புக்குப் பாலம் உண்டு.

கிளை ஒன்றாக இருந்தும் விளக்கு கேட்கவில்லையா? டிவியையும் கணினியையும் சந்தேகிக்கலாம். தங்கள் இரைச்சல் வெளியே போகாமலிருக்க அவற்றின் மின் நுழைவாயிலில் ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். 0.1 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது சுமார் 26,500 ஓம் தடை. 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புக்கோ வெறும் 13 ஓம்! துடிப்பு விளக்குக்குப் போகாமல் அங்கேயே வடிந்துவிடும். நல்லெண்ணத்தோடு வைத்த பாகமே கட்டளையை விழுங்குகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொரு வகை, கூச்சல் போடுபவை: மலிவான சார்ஜர்கள், சிஎஃப்எல் விளக்குகள். இவை பெரும்பாலும் ஓடும்போதுதான் தொல்லை தரும். விழுங்குபவை ரிமோட்டில் அணைத்தாலும் விழுங்கும். ஆகவே சோதிக்கும்போது அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விளக்கு மக்கர் செய்கிறதோ, அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி போட்டால் போதும்.

கிளைப் பிரச்சினைக்கு மெயின் போர்டில் இணைப்பி ஒன்று பொருத்துவார்கள். எளிய இணைப்பிக்குள் இருப்பது என்ன? அதே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. 60 ஹெர்ட்ஸை நிறுத்தி, துடிப்பை மட்டும் மறு கிளைக்கு அனுப்பும். 240 வோல்ட்டுக்குக் குறுக்கே நிரந்தரமாக நிற்கப்போவது என்பதால், அதற்கென்றே தயாரான உருப்படியை வாங்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.