எங்க ஊர்ல பொம்மை விக்கிறாங்களா?



நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், "எந்த ஊர்டா?" என்று கேட்டார்கள். "பொம்மையார்பாளையம்" என்றேன். "உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பொம்மை செய்றாங்களா?" என்று ஒருத்தன் கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் பட்டப்பெயர் 'பொம்மை'. பதில் தெரியாமல் மூன்று வருஷம் சும்மா இருந்தேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது விளையாட்டுப் பொம்மை இல்லீங்க! பொம்மையா என்பது ஆள் பெயர். 'பிரம்மா' என்பதைக் கன்னடத்தில் 'பொம்ம' என்பார்கள். மரியாதைக்கு 'ஆர்' சேர்த்தால் பொம்மையார். பாளையம் என்றால் முதலில் படை தங்கிய இடம், பிறகு குடியிருப்பு. ஊருக்குப் பொம்மபுரம் என்றும் பெயர் உண்டு. மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் வீரசைவ மடத்தின் பெயரே பொம்மபுர ஆதீனம்தான். நாம் படிக்கிற 'நன்னெறி'யை எழுதிய சிவப்பிரகாசர், 17-ஆம் நூற்றாண்டில் இந்த மடத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். போதுமா?

இனி நம்ம பக்கத்து ஊர்களைப் பார்ப்போம்.

முதலியார்சாவடி: பெரியது, சின்னது என இரண்டு உண்டு. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். அப்போ இது பழைய நடைபாதை!

திண்டிவனம்: தின்பண்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். புளியங்காடுதான் திண்டிவனம். அங்குள்ள சிவன் பெயரும் திந்திரிணீஸ்வரர்.

மரக்காணம்: சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நாம் உப்பளம் பார்க்கப் போகிற ஊரில் அந்தக் காலத்தில் பாணர்கள் நடந்திருக்கிறார்கள்!

ஆரோவில்: இது வில், அம்பு இல்லை. 'வில்' என்றால் பிரெஞ்சு மொழியில் நகரம். 'ஆரோ' அரவிந்தர் பெயரிலிருந்து வந்தது. 'ஆரோர்' என்றால் பிரெஞ்சில் விடியல் என்றும் பொருள். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கிய ஊர்.

புதுச்சேரி: புதிய குடியிருப்பு என்று அர்த்தம். வெள்ளைக்காரர் வாயில் பாண்டிச்சேரி ஆனது. 2006-இல்தான் பழைய பெயர் அரசு ஏட்டில் திரும்பியது.

2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றத் தமிழக அரசு ஆணை போட்டது. சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்து மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை போல!

ஆனால் ஓர் எழுத்து தொலைவது ரொம்ப லேசு. எங்கள் ஊரைப் பாதிப் பேர் 'பொம்மையாபாளையம்' என்றுதான் எழுதுகிறார்கள். 'ர்' போனால் மரியாதை போச்சு. அதற்குப் பிறகு மிஞ்சுவது பொம்மைதானே?

உங்கள் ஊர்ப் பெயர்க் கதையைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டலாம். என்னைப் 'பொம்மை' என்று கூப்பிடுபவர்களே, இனிமேலும் கூப்பிடுங்கள். ஆனால் 'ஆர்' சேர்த்துக் கூப்பிடுங்கள்!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு