இடைமுக மாற்றத்திற்குப் பழகுதல்

இடைமுக மாற்றத்திற்குப் பழகுதல் என்பது, ஒரு மென்பொருளின் அல்லது கருவியின் பொத்தான்கள், பட்டிகள், விசைகள் முதலியவை இடம் மாறும்போது, பழைய அமைப்பில் தேர்ச்சி பெற்ற பயனர் புதிய அமைப்பிலும் அதே தேர்ச்சியை அடையும் படிமுறை ஆகும். இது மனிதர்-கணினி ஊடாட்டத் துறையிலும் உளவியலிலும் ஆராயப்படுகிறது. புதிய அமைப்பு பழையதை விடச் சிறந்ததாக இருந்தாலும், மாற்றம் நிகழ்ந்தவுடன் பயனரின் வேகம் குறைவதும் பிழைகள் கூடுவதும் இயல்பு. பயனர் பல ஆண்டுகள் செலவிட்டுப் பெற்ற பழக்கம், பழைய அமைப்புடன் சேர்ந்து பயனற்றுப் போவதே இதற்குக் காரணம். எனவே ஓர் இடைமுக மாற்றத்தின் வெற்றி புதிய வடிவமைப்பின் தரத்தை மட்டுமன்றி, பழையதிலிருந்து புதியதற்குச் செல்லும் வழி எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

பழக்கம் உருவாகும் விதம்

ஒரு செயலைப் புதிதாகக் கற்பவர் அதன் ஒவ்வொரு படியையும் நினைத்துச் செய்கிறார். கோப்பு ஒன்றை அச்சிட எந்தப் பட்டியைத் திறப்பது, அதில் எந்தக் கட்டளையைத் தெரிவது என்று தேடுகிறார். அதே செயலைப் பலநூறு முறை செய்த பின்னர் தேடல் மறைந்துவிடுகிறது. கண் திரையின் குறித்த மூலைக்குத் தானாகவே செல்கிறது. கை சுட்டியைத் தானாகவே நகர்த்துகிறது. இவ்வகை நினைவு உளவியலில் செயல்முறை நினைவு எனப்படுகிறது. மிதிவண்டி ஓட்டுதல், தட்டச்சு செய்தல் ஆகியன இதனைச் சார்ந்தவை. ஒரு குறிப்பிட்ட எழுத்து விசைப்பலகையில் எங்கு உள்ளது என்று கேட்டால், தேர்ந்த தட்டச்சாளர்கள் பலரால் உடனே சொல்ல இயலாது. ஆனால் அவர்களின் விரல் தவறாமல் அங்கு செல்லும்.

பயிற்சிக்கும் வேகத்திற்கும் உள்ள தொடர்பு பயிற்சியின் அடுக்கு விதி எனப்படுகிறது. ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் ஆகியோர் 1981 இல் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இவ்விதியின்படி முன்னேற்றம் தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்கிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. புதிய அமைப்பின் முதல் சில நாள் இடர்ப்பாடு விரைவில் குறைந்துவிடும். ஆனால் பழைய அமைப்பில் இருந்த முழு வேகத்தை மீண்டும் எட்டுவதற்கு அதைவிட நெடுங்காலம் தேவைப்படும்.

இடர்ப்பாட்டிற்கான காரணங்கள்

1. பழைய பயிற்சியின் குறுக்கீடு. முன்பு கற்றது புதிதாகக் கற்பதற்குத் தடையாவதை இது குறிக்கும். முற்றிலும் புதியவரை விடப் பழைய அமைப்பில் தேர்ந்தவரே சில வேளைகளில் கூடுதலாகத் தடுமாறுவது இதனால்தான். புதியவர் கற்க மட்டுமே வேண்டும். பழையவர் மறக்கவும் வேண்டும்.

2. கைப்பற்றல் பிழை. அடிக்கடி செய்யும் செயல், அரிதாகச் செய்யும் செயலின் இடத்தைப் பிடித்துக்கொள்வது கைப்பற்றல் பிழை ஆகும். டொனால்ட் நார்மன் 1981 இல் வெளியிட்ட செயற்பிழைகளின் வகைப்பாட்டில் இதனையும் ஒரு வகையாகக் குறித்தார். புதிய இடம் பயனருக்குத் தெரிந்திருந்தும், கவனம் சற்றுக் குறையும்போது கை பழைய இடத்திற்கே செல்கிறது. பழைய பொத்தான் இருந்த இடத்தில் வேறொரு பொத்தான் வைக்கப்பட்டிருந்தால், தவறுதலாக வேறு கட்டளை இயங்கிவிடும். இடம் வெறுமையாக இருப்பதை விட இதுவே கூடுதல் தீங்கு விளைப்பது.

3. இழப்பு வெறுப்பு. ஒரே அளவுள்ள ஆதாயத்தை விட இழப்பு மனிதரால் பெரிதாக உணரப்படுகிறது என்பது டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி ஆகியோர் 1979 இல் வெளியிட்ட கோட்பாட்டின் ஒரு பகுதி. இடைமுக மாற்றத்தில் இழப்பு இன்றே நேர்கிறது. ஆதாயம் பின்னரே கிடைக்கிறது. வில்லியம் சாமுவெல்சன், ரிச்சர்ட் செக்காசர் ஆகியோர் 1988 இல் விளக்கிய நடப்புநிலைச் சார்பும் இதனுடன் தொடர்புடையது.

எடுத்துக்காட்டுகள்

விசைப்பலகை

இன்று பரவலாகப் பயன்படும் குவர்ட்டி விசை அமைப்பு, கிறிஸ்டோபர் சோல்சு என்பவரின் தட்டச்சுப் பொறியிலிருந்து தோன்றியது. ரெமிங்டன் நிறுவனம் 1874 இல் அப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகசுட் டுவோராக் வடிவமைத்த மாற்று அமைப்பு 1936 இல் காப்புரிமை பெற்றது. அதில் மிகுதியாகப் பயன்படும் ஆங்கில எழுத்துகள் நடு வரிசையில் உள்ளன. விரல்கள் நகரும் தொலைவு குறைவு. ஆயினும் அது பரவவில்லை. குவர்ட்டியைக் கற்றவர்களும், அதற்கென உருவாக்கப்பட்ட பொறிகளும், அதனைக் கற்பிக்கும் நிலையங்களும் ஏற்கனவே ஏராளமாக இருந்தமை இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. டுவோராக் அமைப்பின் மேன்மை எவ்வளவு என்பது குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு.

தமிழிலும் இத்தகைய நிலை ஏற்பட்டது. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்99 என்னும் விசை அமைப்பு தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக இடப்படுகிறது. எனவே விசை அழுத்தங்கள் குறைகின்றன. ஆனால் அரசுத் தேர்வுகளுக்காகப் பயிலகங்களில் பழைய தட்டச்சுப் பொறியில் பயின்றவர்கள் பலர் கணினியிலும் பழைய அமைப்பையே தொடர்ந்தனர். ஆங்கில ஒலிப்பு முறையில் தமிழை உள்ளிடுவோருக்குக் குறுக்கீடு வேறு வகையில் நேர்கிறது. க எழுத வேண்டி ஆங்கிலக் கே விசையை அழுத்திப் பழகிய விரல், தமிழ்99 அமைப்பில் அதே விசையை அழுத்தினால் ம கிடைக்கிறது. மாற்று அமைப்புகள் பலவும் மென்பொருள்களில் தெரிவுகளாக வழங்கப்படுவதால், தமிழ் உள்ளீட்டில் பல அமைப்புகள் அருகருகே நிலைபெற்றுள்ளன.

அலுவலக மென்பொருள்

மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2007 பதிப்பில், வேர்டு, எக்செல் முதலியவற்றின் பட்டிகளும் கருவிப்பட்டைகளும் நீக்கப்பட்டு, ரிப்பன் எனப்படும் தாவல் அமைப்பு கொண்டுவரப்பட்டது. கட்டளைகள் பணியின் அடிப்படையில் தொகுக்கப்பட்டன. பழைய பட்டிகளுக்குத் திரும்பும் வசதி மென்பொருளில் தரப்படவில்லை. அவற்றை மீட்டுத் தரும் இணைப்பு மென்பொருள்களைப் பிற நிறுவனங்கள் விற்றன. ஆயினும் ஒரு முன்னேற்பாடு செய்யப்பட்டிருந்தது. பழைய பட்டிகளை ஆல்ட் விசையின் துணையுடன் இயக்கியவர்களுக்கு, 2003 பதிப்பின் விசைத் தொடர்கள் பல புதிய பதிப்பிலும் இயங்கின. கண்ணுக்குத் தெரியும் அமைப்பு மாறியும் விரல்களின் பழக்கம் ஓரளவு காக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளான லிப்ரெஆபிஸ், பழைய கருவிப்பட்டைகள், தாவல் அமைப்பு ஆகிய இரண்டையும் தெரிவுகளாக வழங்குகிறது.

இயங்குதளம்

2012 அக்டோபரில் வெளியான விண்டோசு 8 இல், 1995 முதல் திரையின் இடது கீழ் மூலையில் இருந்து வந்த தொடக்கப் பொத்தான் நீக்கப்பட்டது. தொடுதிரைக்கு ஏற்ற முழுத்திரைத் தொடக்கப் பக்கம் அதன் இடத்தைப் பெற்றது. விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு பணிபுரிந்தோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 2013 இல் வெளியான 8.1 பதிப்பில் பொத்தானும், 2015 இல் வெளியான விண்டோசு 10 இல் தொடக்கப் பட்டியும் மீண்டும் இடம்பெற்றன.

2011 ஏப்ரலில் வெளியான குனோம் 3, லினக்சுப் பயனர்களுக்குப் பழக்கமான பணிமேடையை முற்றிலும் மாற்றியது. ஏற்காதவர்கள் சிலர் குனோம் 2 இன் மூல நிரலைத் தொடர்ந்து பேணி, மேட் என்னும் பணிமேடையை உருவாக்கினர். மூல நிரல் திறந்திருந்தமையால், பழைய அமைப்பு தேவைப்பட்டோர் அதனைத் தாமே காத்துக்கொள்ள முடிந்தது.

கூடுதலாகப் பாதிக்கப்படுவோர்

பெரும்பாலான பயனர்களுக்கு இடைமுக மாற்றம் சில வாரத் தொல்லை மட்டுமே. சிலருக்கு அது பயன்பாட்டையே இழப்பதாக முடியலாம்.

பார்வையற்றோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் கணினியைப் பயன்படுத்துகின்றனர். திரையை ஒரே பார்வையில் நோக்க அவர்களால் இயலாது. உள்ளடக்கம் ஒன்றன்பின் ஒன்றாகவே படிக்கப்படுகிறது. எத்தனையாவது தலைப்பில் தேவையான பகுதி உள்ளது, எத்தனை முறை தத்தல் விசையை அழுத்தினால் பொத்தான் வரும் என்று வரிசையை நினைவில் வைத்தே விரைவாகப் பணிபுரிகின்றனர். வரிசை மாறினால் முழுவதையும் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டியுள்ளது. புதிய பொத்தான்களுக்கு உரைப்பெயர் இடப்படாவிட்டால், அவை இருப்பதையே அறிய இயலாமல் போகலாம்.

முதியோர், நினைவாற்றல் குறைபாடு உடையோர், படிகளைத் தாளில் எழுதி வைத்துப் பின்பற்றுவோர் ஆகியோரும் இவ்வாறே பாதிக்கப்படுகின்றனர். இவர்களில் பலர் பிறரிடம் கேட்டுக் கற்றவர்கள். மாற்றத்தின் பின்னர் மீண்டும் உதவி கேட்கத் தயங்கிப் பயன்பாட்டைக் கைவிடுவோரும் உண்டு.

இதனைக் கருதியே, 2008 இல் வெளியான வலை உள்ளடக்க அணுகுமை வழிகாட்டி 2.0, பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் வழிசெலுத்தல் கூறுகள் ஒரே வரிசையில் அமைய வேண்டும் என்று கூறுகிறது. 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பு, தொடர்பு எண் முதலிய உதவி வழிகளும் பக்கங்கள் தோறும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்னும் விதியைச் சேர்த்தது.

மாற்றத்தை நடைமுறைப்படுத்தும் முறைகள்

- இணையாக இயக்குதல்: பழைய அமைப்பும் புதிய அமைப்பும் சில காலம் தெரிவுகளாக வழங்கப்படுகின்றன. விக்கிப்பீடியாவில் இயல்பான தோற்றம் 2010 இலும் பின்னர் மீண்டும் மாற்றப்பட்டபோது, பதிவு செய்த பயனர்கள் பழைய தோற்றங்களைத் தம் விருப்பத்தேர்வுகளில் வைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டையும் பேணும் செலவு இம்முறையின் குறை.
- படிப்படியாக மாற்றுதல்: ஒரு முறைக்கு ஒரு கூறு மட்டும் மாற்றப்படுகிறது. மாற்றங்கள் ஓயாமல் தொடர்ந்தால் பயனருக்கு நிலையான பழக்கம் உருவாகாமல் போகலாம்.
- ஒரே நாளில் மாற்றுதல்: இரண்டு அமைப்புகள் ஒருங்கே இயங்க இயலாத இடங்களில் இதுவே வழி. கணினிக்கு வெளியே இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, சுவீடன் நாடு 1967 செப்டம்பர் 3 அன்று சாலையின் இடப்பக்கப் போக்குவரத்தை வலப்பக்கத்திற்கு மாற்றியது. நீண்ட விளம்பரமும் பயிற்சியும் முன்னரே மேற்கொள்ளப்பட்டன. எல்லோரும் கூடுதல் கவனத்துடன் ஓட்டியதால் தொடக்கத்தில் விபத்துகள் குறைந்தன. பின்னர் அவ்வெண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது.

எம்முறையிலும் மூன்று செயல்கள் பயன் தருகின்றன. மாற்றத்தையும் அதன் காரணத்தையும் முன்கூட்டியே அறிவித்தல். பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒப்பிடும் பட்டியல் வழங்குதல். குறுக்குவிசைகளை மாற்றாமல் விடுதல்.

பயனர் தரப்பில், நாள்தோறும் செய்யும் ஐந்தாறு செயல்களின் புதிய இடங்களை மட்டும் முதலில் கற்பது எளிது. பழைய அமைப்புக்கும் புதியதற்கும் அடிக்கடி மாறி மாறிச் செல்வது குறுக்கீட்டை நீட்டிக்கும். அவசரப் பணி இல்லாத வேளையில் பழகுவதும், கட்டளையைப் பெயரால் தேடும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துவதும் உதவும்.

எதிர்ப்பை மதிப்பிடுதல்

மாற்றம் நிகழ்ந்த முதல் வாரங்களில் எழும் முறைப்பாடுகளில் இரண்டு வகை கலந்திருக்கும். பழக்கத்தின் இழப்பால் எழுபவை காலப்போக்கில் குறைகின்றன. வசதி ஒன்று நீக்கப்பட்டமை, ஒரு செயலுக்குத் தேவையான படிகள் கூடியமை போன்ற உண்மைக் குறைகளால் எழுபவை குறைவதில்லை. எல்லா எதிர்ப்பையும் பழக்கத்தின் பிடிவாதம் என்று ஒதுக்கினால் இரண்டாம் வகை கவனிக்கப்படாமல் போகும். விண்டோசு 8 இல் நீக்கப்பட்ட பொத்தான் மீண்டும் வைக்கப்பட்டது இதற்குச் சான்று.

முறைப்பாடுகள் ஓய்ந்தமை, எல்லோரும் பழகிவிட்டனர் என்பதற்குப் போதிய சான்று ஆகாது. பழக இயலாமல் விலகிச் சென்றவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. எனவே மாற்றத்திற்குப் பின் எஞ்சியிருப்போரின் நிறைவை மட்டும் அளக்காமல், முன்பு பயன்படுத்தியவர்களில் எத்தனை பேர் தொடர்கின்றனர் என்பதையும் கணக்கிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- மனிதர்-கணினி ஊடாட்டம்
- பயனர் இடைமுகம்
- தமிழ்99
- டுவோராக் விசைப்பலகை
- திரைபடிப்பான்