திமிங்கிலத்தின் கணுக்கால்

ஆட்டின் பின்னங்காலில், குளம்புக்கு மேலே கால் மடங்குகிற மூட்டுக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. நம் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். அதன் மேல்முனை கிணற்றுக் கப்பி போல நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். திருப்பிப் பிடித்தால் கீழ்முனையிலும் அதே கப்பி. மேல்முனைக் கப்பி நாய்க்கும் பூனைக்கும்கூட உண்டு. இரண்டு முனையிலும் கப்பி இருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை அடங்கிய இரட்டைக் குளம்புக் கூட்டத்தின் அடையாளம். இந்த ஒற்றை எலும்பைக் கையில் கொடுத்தால் போதும், விவரம் தெரிந்தவர் குலத்தைச் சொல்லிவிடுவார்.

2001-இல் இதே இரட்டைக் கப்பி எலும்பு திமிங்கிலத்தில் கிடைத்தது.

திமிங்கிலத்துக்கு ஏது கணுக்கால் என்று கேட்கலாம். இன்றைய திமிங்கிலத்துக்கு இல்லைதான். கிடைத்தது சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய திமிங்கிலத்தில். பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பாறைகளிலிருந்து பிலிப் ஜிஞ்சரிச்சின் குழு அதைத் தோண்டி எடுத்தது. அதே சமயத்தில் ஹான்ஸ் தெவிசனின் குழு, அதைவிடப் பழைய பாகிசீட்டஸ் என்ற விலங்கிலும் அதே கணுக்கால் இருப்பதை வெளியிட்டது. உயிரியலில் ஒரு பழைய தகராறு அத்தோடு முடிவுக்கு வந்தது.

திமிங்கிலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும், மேலே வந்து மூச்சு விடும். ஆகவே அதன் முன்னோர் தரையில் நடந்தவர்கள் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் சண்டை. வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடி போன்ற ஒன்று காலப்போக்கில் திமிங்கிலம் மாதிரி ஆகியிருக்கலாம் என்று டார்வின் 1859-இல் எழுதினார். கேலி கிளம்பியதும் அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். 1966-இல் லீ வான் வேலன், குளம்புக்கால் கொண்ட ஓநாய் போன்ற, மறைந்துபோன ஊனுண்ணிக் கூட்டம் ஒன்றைக் கைகாட்டினார். பல் அமைப்பு பொருந்தியதால் எலும்பு ஆய்வாளர்கள் பலரும் அதை ஏற்றார்கள். ஜிஞ்சரிச்சும் அவர்களில் ஒருவர். 1990-களில் மரபணு ஆய்வாளர்கள் வந்து, இன்றுள்ள விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானைதான் என்றார்கள். எலும்புக்காரர்கள் நம்பவில்லை. கணுக்கால் கையில் கிடைத்தபிறகு ஜிஞ்சரிச் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். தான் தோண்டிய எலும்பே தன் கருத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது அதை ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்.

கணுக்கால் குலத்தைச் சொல்லிவிட்டது சரி. ஆனால் நாலு காலில் நடந்த ஒரு விலங்கைத் திமிங்கிலம் என்று அழைப்பதற்கே என்ன ஆதாரம்? அதற்குச் சாட்சி காது. நடுக்காதைப் பொதிந்திருக்கும் எலும்புக் கூடு பெரும்பாலான பாலூட்டிகளில் மெல்லிய ஓடாக இருக்கும். திமிங்கிலத்தில் மட்டும் அதன் உட்பக்கச் சுவர் உதடு மாதிரி தடித்துத் திரண்டிருக்கும். இன்று உயிரோடிருக்கும் வேறு எந்த விலங்குக்கும் இந்தத் தடிப்பு கிடையாது. 1981-இல் ஜிஞ்சரிச்சும் டொனால்ட் ரசலும் பாகிசீட்டஸ் என்று பெயரிட்ட மண்டையோட்டில் அது இருந்தது. அப்போது கிடைத்தது தலை மட்டுமே. உடலைப் பாதி கடல்நாய் மாதிரி கற்பனை செய்து வரைந்தார்கள். பின்னால் முழு எலும்புகள் கிடைத்தபோது, அது ஓநாய் அளவில், மெலிந்த நீண்ட கால்களோடு நின்றது.

காது இன்னொரு வேலையும் செய்தது. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் புதைபடிவங்கள் சேகரித்து, 1971-இல் ஒரு சிறு குளம்பு விலங்குக்கு இண்டோஹியஸ் என்று பெயர் வைத்தார். அவர் சேகரித்த பாறைகளில் பெரும்பகுதி பிரிக்கப்படாமலே டேராடூனில் கிடந்தது. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அந்தக் கற்களைத் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கைதவறி அது உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் தெரிந்தது அந்தத் தடித்த காதுச் சுவர். திமிங்கிலமே அல்லாத ஒன்றில் திமிங்கிலக் காது!

2007 டிசம்பரில் வெளியான இந்த ஆய்வின்படி, இண்டோஹியஸ் பூனையைவிடச் சற்றே பெரியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சருகுமானை நினைத்துக்கொண்டு அதற்கு நீண்ட வால் ஒட்டினால் ஏறக்குறைய அதுதான். பாகிசீட்டசுக்குச் சற்றுப் பிந்திய காலத்தது என்பதால் திமிங்கிலத்தின் நேர் பாட்டி என்று சொல்ல முடியாது. ஒன்றுவிட்ட பாட்டி எனலாம். அதன் கால் எலும்பைக் குறுக்கே வெட்டினால் புறச்சுவர் தடிமனாகவும் நடுத்துளை குறுகியும் இருக்கிறது. நீருக்கடியில் மிதந்து மேலே வராமல் கால் ஊன்றி நடக்க எடை வேண்டுமல்லவா? நீர்யானைக்கும் அப்படித்தான். பல்லில் உள்ள ஆக்சிஜன் அணு வகைகளும் தண்ணீரில் வாழும் விலங்குகளுடையதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் பல்லில் பதிந்த உணவின் தடயமோ, தரைத் தாவரம் தின்ற கதையைச் சொல்கிறது.

எனக்கு இந்த முரண்தான் முழுக் கதையிலும் சுவையான இடம். மீனுக்கு ஆசைப்பட்டுத் திமிங்கிலத்தின் முன்னோர் கடலில் இறங்கினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. தெவிசனின் கருத்து வேறு. இவை மேய்ந்தது கரையில். ஆபத்து வந்தால் ஒளிந்தது ஆற்றில். இன்றும் ஆப்பிரிக்காவின் நீர்ச்சருகுமான் பகைவரைக் கண்டால் தண்ணீருக்குள் பாய்ந்து மூழ்கிவிடும். அப்படியானால் உலகின் மிகப் பெரிய விலங்குகளின் கடல் வாழ்க்கைக்குப் பிள்ளையார் சுழி போட்டது பசி அல்ல, பயம். மீன் தின்னும் பழக்கம் பிறகு வந்தது. இது கருதுகோள்தான். ஆனாலும் எலும்பையும் பல்லையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இதுவே நம்பத் தக்கதாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவை நெருங்க, நடுவிலிருந்த டெதிஸ் கடல் ஆழமிழந்து குறுகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கரைகளில் முதலை போலப் பதுங்கி வேட்டையாடிய, நீந்தவும் நடக்கவும் தெரிந்த அம்புலோசீட்டஸ் வருகிறது. குஜராத்தின் கட்ச் பாறைகளில், நீர்நாயை ஒத்த நீண்ட உடலோடு கட்சிசீட்டஸ் கிடைக்கிறது. அதை 2000-இல் சுனில் பஜ்பாயும் தெவிசனும் விவரித்தார்கள். பாகிசீட்டசிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்குள் பதினைந்து மீட்டருக்கு மேல் நீண்ட பாசிலோசாரஸ் கடலை ஆள்கிறது. பெயரைப் பார்த்தால் பல்லி மாதிரி இருக்கிறதே என்றால், 1834-இல் ரிச்சர்ட் ஹார்லன் அதை ஊர்வன என்று நினைத்து அப்படிப் பெயரிட்டுவிட்டார். பாலூட்டி என்று தெரிந்த பிறகும் முதலில் வைத்த பெயரை மாற்ற விதி இடம் கொடுப்பதில்லை. எகிப்தில் இன்று பாலைவனமாகக் கிடக்கும் திமிங்கிலப் பள்ளத்தாக்கில் இதன் எலும்புக்கூடுகள் ஏராளம். அவற்றில் தொடை, முழங்கால், விரல்கள் என எல்லாம் இருக்கும் பின்னங்கால்களைக் கண்டதாக ஜிஞ்சரிச் குழு 1990-இல் அறிவித்தது. அவ்வளவு பெரிய உடலை அந்தக் குச்சிக் கால்கள் ஒரு நொடியும் தாங்கியிருக்காது.

நடை போனாலும் நடையின் பாணி போகவில்லை. மீன் வாலைப் பக்கவாட்டில் அடித்து நீந்துகிறது. திமிங்கிலம் மேலும் கீழும் அடிக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் பாலூட்டியின் முதுகு மேலும் கீழும் வளையும் அதே அசைவு இது. டால்பினின் கருவில் இன்றும் பின்னங்கால் மொட்டுகள் அரும்பிச் சில வாரங்களில் மறைகின்றன.

திமிங்கிலத்தின் சதைக்குள், முதுகெலும்போடு ஒட்டாமல் இரண்டு இடுப்பெலும்புகள் மட்டும் தங்கிவிட்டன. வேலையில்லாத மிச்சம் என்று அவற்றைப் பாடநூல்கள் சொல்லிவந்தன. அதிலும் ஒரு திருத்தம் தேவை. ஆண் திமிங்கிலத்தின் இனப்பெருக்க உறுப்பை அசைக்கும் தசைகள் அந்த எலும்புகளில்தான் பிடித்திருக்கின்றன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, அருங்காட்சியகங்களில் இருந்த பல இனங்களின் இடுப்பெலும்புகளை அளந்து ஒப்பிட்டது. துணைக்காக ஆண்கள் அதிகம் போட்டி போடும் இனங்களில் இந்த எலும்பு, உடல் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தது.