காற்றுக்கு முன் ஒரு கடுதாசி

2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் திகதி இரவு, புரெவி என்னும் சூறாவளி இலங்கையின் கிழக்கே திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையை ஒட்டி நிலத்தில் ஏறியபோது, 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் அஞ்சி நடுங்கிய அளவுக்கு அந்தக் காற்று உக்கிரங்கொள்ளவில்லை. மணிக்கு ஏறக்குறைய 80 முதல் 90 கிலோமீற்றர் வேகத்தில் வீசிக் கடந்து போயிற்று. இத்தகைய மத்திமமான காற்றில் விழுகின்ற மரம், பலவேளைகளில், வேரிலோ அடிமரத்திலோ பல வருஷங்களாக உளுத்துக்கொண்டிருந்து ஒரு சாக்குக்காகக் காத்திருந்த மரமாகவே இருக்கும்.

அயலவரின் கூரைமேல் புளி ஒன்று சாய்ந்துவிட்டால், அதை உடையவர் வாயில் வரும் முதல் வார்த்தை "தெய்வச் செயல்" என்பதே. நியாயஸ்தலம் அந்த வார்த்தையோடு திருப்தியடைவதில்லை. இந்நாட்டில் இத்தகைய நஷ்ட வழக்குகளுக்கு ஆதாரமான உரோமன் டச்சுச் சட்டம், அபாயம் இருந்ததை உடையவர் அறிந்திருந்தாரா, அறிந்திருக்க வேண்டியவரா, அறிந்தும் வாளாவிருந்தாரா என்று அவரது கவலையீனத்தையே விசாரிக்கிறது. மரம் விழுந்து, விறகாகி, அடுப்பிலே சாம்பலான பிற்பாடு இக்கேள்விக்குச் சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே, மரம் நிற்கும்போதே தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு அதனைப் பரீக்ஷித்து, அவர் கண்டதைத் திகதியிட்டுக் கையொப்பத்தோடு எழுதி வாங்கிக்கொள்வது, காணி உறுதியைப் பத்திரப்படுத்துவதற்கு ஒப்பான விவேகமாகும்.

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் விருட்ச பரீக்ஷை தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நம் பக்கத்தில் அப்படியொருவரைத் தேடுவது கடினமாதலால், வன பரிபாலனத் திணைக்கள உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், பனையானால் பனை அபிவிருத்திச் சபையினர், பெரிய விவகாரமானால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம், அல்லது வனவியலுக்கெனத் துறையே வைத்திருக்கும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் ஆகியோரை அணுகலாம். மரம் வெட்டிக் கூலி வாங்குபவரிடமே வெட்ட வேண்டுமா என்று அபிப்பிராயம் கேட்பது மட்டும் புத்தியன்று. அவர் நல்லவராயினும் விடை முன்கூட்டியே தெரிந்தது.

நல்ல அறிக்கையில், மரத்தின் இனம், வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் உள்ள தூரம், நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் எடுத்த சுற்றளவு, சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் கிளம்பியிருக்கிறதா என்பது, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்பது, விழுந்தால் எவர்மேல் அல்லது எதன்மேல் விழும் என்பது ஆகிய யாவும் இடம்பெறும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் மாத்தெக் என்னும் விஞ்ஞானி, மரம் தன் உட்புறக் கேட்டைப் புறத்தோற்றத்திலேயே தெரிவித்துவிடுகிறது என்ற அடிப்படையில் ஒரு பரீக்ஷை முறையை வகுத்தார். பொந்துள்ள மரத்தில் எஞ்சிய நல்ல மரச்சுவரின் தடிப்பு, அடிமர ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்தால் எச்சரிக்கை தேவை என்பது அவரது ஆராய்ச்சியின் சாரம். பொந்து இருப்பதனாலேயே மரம் சாகப்போகிறது என்பதில்லை. இதை அறியாமல் எத்தனையோ பழைய பாலை மரங்களுக்குக் கோடரி வைத்துவிட்டார்கள். மதிலுக்கும் மலகூடக் குழிக்குமாக வேரை வெட்டுவது இதனிலும் கொடிய செய்கை. 2012ஆம் ஆண்டின் பிரித்தானிய நியமம் ஒன்று, அடிமர விட்டத்தின் 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பரப்பைக் காக்கச் சொல்கிறது. அரை மீற்றர் விட்டமுள்ள வேம்புக்கு 6 மீற்றர். வாடைக்கால மழையில் ஊறி இளகிய குச்சவெளி மணலில், பாதி வேர் இழந்த மரம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

மரத்தின் வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள், காடாய்க் கிடக்கும் தம் வளவைத் தமதென்று காட்டுவதற்கு, தகப்பன் நட்ட மாமரத்தையும் பனை வரிசையையும் சுட்டிக்காட்டுவது இப்பிரதேசத்தில் இயல்பு. அறிக்கை அதற்கு உதவும். ஆனால் பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது, மட்டை கழன்ற வடுக்களைக் கொண்டு உத்தேசமாகவே கணிக்க முடியும். இன்ன வருஷமென்று துல்லியமாக எழுதித் தருபவரை நான் நம்பமாட்டேன். இவ்வளவுக்கும் அவ்வளவுக்கும் இடைப்பட்டது என்று எழுதுபவரே குறுக்கு விசாரணையில் நிலைப்பார்.

வெட்டியே ஆக வேண்டுமென்று அறிக்கை சொன்னாலும், உடனே வெட்டிவிட உரிமையில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றுக்கு அனுமதி பெறல் வேண்டும். கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இவ்வறிக்கையே நல்ல துணை. முதிரை போன்ற மரத்தை லொறியில் ஏற்றுவதாயின், வன அதிகாரியின் அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

அபாயமான மரம் அயலவருடையதாயின், வாய்மொழியால் பகை வளர்ப்பதை விட்டு, அறிக்கையின் பிரதியோடு பதிவுத் தபாலில் அவருக்கு எழுதி, இணங்காவிடில் மத்தியஸ்த சபைக்கும், பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் முறைப்பாடு செய்யலாம். விழக்கூடிய மரத்தை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரமளிக்கிறது. முறைப்பாடு கோப்பில் உறங்கினால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் கதியைத் தமிழிலேயே கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

மரப் பரீக்ஷை அறிக்கையாகிய இக்கடுதாசி இருபுறமும் கூருள்ள கத்தி என்பதையும் மறைத்தலாகாது. கிளையைக் குறைக்க வேண்டுமென்று எழுதி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவர், அறியவில்லை என்னும் வாதத்தைத் தம் கையாலேயே அழித்தவராவார். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் தெனியாய பஸ்மீது பெருமரம் சரிந்து ஐவர் மாண்டபின், வீதியோர மரங்களைப் பரிசோதிக்க வேண்டுமென்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. குச்சவெளியில் இத்தகைய பரிசோதனைக்குத் தக்க காலம், கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்குமுன் வருகின்ற புரட்டாசி. வெட்டுக்கு ஆளும், அனுமதிக்கு அவகாசமும் அப்பொழுதுதான் கிடைக்கும்.