எண்ணெய் வேண்டாத பிளாஸ்டிக் பேரிங்

தார் சுற்றும் யந்திரமாயினும், காய்கறி கழுவும் உருளையாயினும், சுழலும் சாதனம் எதற்கும் உயிர் அதன் பேரிங்கே. அது இறுகிப்போனால் வேலை நின்றுவிடும். இறுகாமல் காக்க எண்ணெய் விடுகிறோம். அந்த எண்ணெயே துணியில் கறையாகிக் கூலியில் பிடித்தமாக வந்து சேர்வதும் உண்டு. ஆகவே, எண்ணெயே வேண்டாத பிளாஸ்டிக் பேரிங்கைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

பேரிங்கிற்கும் நெசவிற்கும் பழைய உறவு உண்டு. ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் நகரில் ஒரு நெசவாலையில் பொறியாளராயிருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். களிமண் நிலம் அமிழ்ந்து ஆலையின் சுழல்தண்டுகள் கோணியதால் பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. அதற்குப் பரிகாரமாக, தண்டு சற்றுக் கோணினாலும் தானே நேர்ப்பட்டுச் சுழலும் பேரிங்கை அவர் 1907-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்.

எஃகு பேரிங்கில் வளையமும் குண்டும் உலோகமே. இடையில் மெல்லிய எண்ணெய்ப்படலம் இல்லாவிடில் உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறித் தேய்ந்துபோகும். பிளாஸ்டிக் பேரிங்கிலோ உள்வளையமும் வெளிவளையமும் பெரும்பாலும் அசிட்டால் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கால் ஆனவை. குண்டுகள் கண்ணாடியாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆனவை. அவை பிளாஸ்டிக்குடன் ஒட்டிப் பற்றிக்கொள்வதில்லை. ஆதலால் எண்ணெயின்றியே உருளுகின்றன.

இதனால் விளையும் நன்மைகள் பல. முதலாவது, எண்ணெய்க் கறைக்கு இடமில்லை. இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சுத் தூசி படிந்து கெட்டியாவதில்லை. எண்ணெய் ஊறிய பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. மூன்றாவது, தண்ணீரில் துருப்பிடிப்பதில்லை. காய், கனி கழுவுமிடத்திலும், உர உப்புப் படியும் கருவிகளிலும் விவசாயிகளுக்கு இது பேருதவி. நான்காவது, பாரம் குறைவு. அசிட்டாலின் எடை எஃகின் எடையில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவே.

ஆனால் எல்லாவிடத்தும் இதனைப் பொருத்தலாம் என எண்ணுவது தவறு. அதே அளவுள்ள எஃகு பேரிங் சுமக்கும் பாரத்தில் சிறு பங்கையே இது சுமக்கும். மிகு வேகத்திலும் நிலைக்காது. அசிட்டால் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு சூட்டிற்கு மேல் தளர்ந்துவிடும். எனவே மோட்டார்த் தண்டு, விசைத்தறியின் பிரதானத் தண்டு, டிராக்டர்ச் சக்கரம் ஆகியவற்றிற்கு எஃகு பேரிங்கே ஏற்றது. வெளுப்புத் தூள் கரைசலும் கடும் அமிலமும் அசிட்டாலை அரித்துவிடும். அமிலத் தொட்டியருகே பாலிப்ரொப்பிலீன் வளையமும் கண்ணாடிக் குண்டும் உள்ளதைக் கேட்டு வாங்குக. நைலான் நீரை உறிஞ்சி உப்புமாதலால் ஈரமான இடத்திற்கு அது உதவாது. இருபுறமும் மூடிய எஃகு பேரிங்கும் கிடைக்கிறது. தண்ணீர் படாத இடத்தில் அதுவே போதுமானதாயிருக்கலாம்.

அளவு பற்றிக் கவலை வேண்டாம். எஃகு பேரிங்கின் பல அளவுகளிலேயே பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். உதாரணமாக, 6203 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். பழைய பேரிங்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க. அதனோடு பாரம், சுற்று வேகம், சூடு ஆகிய மூன்றையும் சொல்லுக. இம்மூன்றையும் கேளாமல் விற்கும் கடைக்காரரை நம்பலாகாது.

முதலில் ஓர் உருளையில் மட்டும் பொருத்திப் பார்ப்பதே விவேகம். பொருத்திய தேதி, தேய்மானம், கறையின்றி வந்த துணி ஆகியவற்றைச் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருக. சில மாதங்களில் லாபநஷ்டம் தெளிவாகும். ஒருவர் பரீட்சித்து அறிந்ததை அனைவரும் பயன்படுத்திக்கொள்வதன்றோ கூட்டுறவு!