துறைமுகத்து விருந்து

திருகோணமலை இயற்கை வகுத்த துறைமுகம். குன்றுகள் அரணாக நிற்க, ஆழ்ந்து அடங்கிய அந்நீர்ப்பரப்பை விரும்பி வந்தோர் பலர். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்தம் கடற்படைத் தளம் 1957இலேதான் நீங்கிற்று.

அண்மையில், துறைமுகத்தை நோக்கிய உணவகமொன்றிற்குப் பழைய மாணவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். ஒல்லாந்தர் காலத்துக் கோலத்தில் அதனைப் புனைந்திருந்தனர். சுவரெங்கும் பாய்க்கப்பல் ஓவியங்கள். சாளரத்திற்கு அப்பால் மாலைக்கடல். அழகிற்குக் குறைவில்லை. ஆயின் உணவுப் பட்டியலில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. கடல்வாழ் இனமெல்லாம் ‘பிஷ்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடந்தன.

பரிமாற வந்தவள் உள்ளூர்ப் பெண். “இன்றைக்கு என்ன மீன், தங்கச்சி?” என்றார் மாணவர்.

“பாரை இருக்கு அண்ணா, அறுக்குளா இருக்கு, சீலாவும் இருக்கு. கணவாய் இப்பதான் வந்தது.”

“இவ்வளவும் யார் சொல்லித்தந்தது, பிள்ளை?” என்றேன்.

“அப்பா கடலுக்குப் போறவர், ஐயா.”

மரக்கறி உண்ணும் எனக்கு அன்றைய விருந்து அப்பெயர்களே. மூன்று பேரரசுகள் வந்து போயும் அவை வலைஞர் நாவில் வாழ்கின்றன. எழுதப்படாமையால் நம் காலத்தில் அவை மறைதல் முறையன்று.

எழுதுகோல் வாங்கி, நான்கு பெயரையும் தமிழில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்தேன். மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். பட்டியலில் ஏறினவோ, அறியேன். அப்பக்கம் செல்லும் அன்பர்கள் கண்டு சொல்வார்களாக!